பாதரசம்: நீங்கள் கேட்டவை

மதுரை பனகல் சாலைப் பக்கம் என் அப்பா தொடங்கிய கடை. பி.பி. பார்க்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது தொழில். நான் வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு அங்கேயே உட்கார்ந்தவன். போன இதழில் கடையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பாதரசம் பற்றிப் பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவசரமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் படுக்கையறையில் விழுந்து உடைந்துவிட்டது. விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளிவிட்டோம். பேரன் அந்த அறையில்தான் தவழ்கிறான். ஒரு சொட்டை வாயில் போட்டிருப்பானோ என்று மருமகள் அழுதுகொண்டே இருக்கிறாள். — உசிலம்பட்டி வாசகி

மருமகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள் அம்மா. பாதரசச் சொட்டு வயிற்றுக்குள் போனாலும் குடல் அதை உறிஞ்சுவதில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது, மலத்தோடு வெளியே வந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாய்க்குள் கண்ணாடி கீறியிருக்கிறதா என்று பாருங்கள். மன நிம்மதிக்காகக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்கவே கூடாது.

பயப்பட வேண்டியது மூக்கு வழியாகப் போவதற்குத்தான். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போகும் ஆவியில் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். அதிலும் 20 டிகிரியில் ஆவதைவிட 40 டிகிரியில் நாலு மடங்குக்கு மேல் ஆவியாகும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் தகரக் கூரை போட்ட அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரையோடு தரையாகத் தவழும் பிள்ளைதான் அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம். காற்றோட்டமான வீட்டில் இது பெரிய ஆபத்து இல்லை. ஆனால் விளக்குமாறு ஒரு சொட்டை நூறு முத்தாக உடைத்து, தரை வெடிப்பிலும் கட்டில் காலடியிலும் தள்ளிவிடும். முத்து சிறிதாகச் சிறிதாக ஆவியாகும் பரப்பு கூடிவிடும். வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம், ஆவியை வீடு முழுக்க ஊதிவிடும்.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டு போங்கள். ஜன்னலைத் திறந்து, உள்பக்கக் கதவைச் சாத்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள், ஏனென்றால் தங்கத்தில் இது பட்டால் உடனே வெள்ளையாகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் லைட்டைத் தரையில் படுக்க வைத்து அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாதிருந்த முத்தெல்லாம் மினுங்கும். கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை எடுத்து, ஒன்றால் தள்ளி மற்றொன்றில் ஏற்றுங்கள். முத்துகள் ஒன்றை ஒன்று தொட்டதும் தானாகச் சேர்ந்துகொள்ளும். எட்டாத முத்துக்கு இங்க் ஃபில்லர், பொடி முத்துக்கு செல்லோடேப். எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். வெடிப்புகளில் கந்தகப் பொடி தூவி, மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பெருக்கிய விளக்குமாற்றையும் ஒரே பையில் கட்டி வையுங்கள். சாக்கடையில் கொட்டக் கூடாது, குப்பையோடு கொளுத்தக் கூடாது, துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது. மருத்துவக் கழிவு எடுத்துச் செல்ல ஏற்பாடு உள்ள ஆஸ்பத்திரியில் சொல்லி ஒப்படையுங்கள். அப்புறம் சில நாளைக்கு அந்த அறை ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

உலோகம் என்றால் கெட்டியாகத்தானே இருக்க வேண்டும்? பாதரசம் மட்டும் ஏன் தண்ணீர் மாதிரி ஓடுகிறது? — திருப்பரங்குன்றம், பிளஸ் ஒன் மாணவர்

நல்ல கேள்வி தம்பி. பாதரச அணுவின் மையத்தில் 80 புரோட்டான்கள். அவ்வளவு கனமான மையத்தைச் சுற்றும் எலெக்ட்ரான்கள் மிக வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்கு வேகம் வந்துவிடுவதால், வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்பட்டுப் பக்கத்து அணுக்களோடு பகிர மறுக்கின்றன. ஐன்ஸ்டீனின் சார்பியல் இங்கே நம் கையிலேயே வேலை செய்கிறது! பிணைப்பு வலுவில்லாததால் −39 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, 357 டிகிரியில் கொதிக்கிறது.

எடையைப் பார். ஒரு லிட்டர் பாதரசம் 13½ கிலோ. இரும்பு நட்டைப் போட்டால் மிதக்கும், ஈயம்கூட மிதக்கும். இந்தக் கனம்தான் என் தொழிலுக்கே ஆதாரம். ரத்த அழுத்தம் 120 என்றால் 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் என்று பொருள். அதே வேலையைத் தண்ணீரை வைத்துச் செய்தால் 1.6 மீட்டருக்கு மேல் ஏறும், 300 வரை அளக்க வேண்டுமானால் நாலு மீட்டர் குழாய் வேண்டும். டாக்டர் ஏணி போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 1640-களில் இத்தாலியில் டாரிசெல்லி காற்றின் அழுத்தத்தை அளக்கப் பாதரசத்தைப் பிடித்ததும் இதற்காகத்தான்.

இன்னொன்று, இது கண்ணாடியை நனைக்காது. நல்ல பாதரசம் குழாயில் மேல்பக்கம் குவிந்து, சுத்தமாக இறங்கும். தூசியும் ஈரமும் பட்டு அழுக்கேறியது கண்ணாடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, அளவைத் தப்பாகக் காட்டும். அப்போது வடிதாளைக் கூம்பாக மடித்து, நுனியில் குண்டூசியால் ஒரு துளை போட்டு வடிகட்டுவோம். அழுக்கு தாளில் நிற்கும், கீழே நூலாக இறங்குவது புத்தம் புதிதாக மின்னும். விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை அடியில் வைக்காமல் இந்த வேலையை அப்பா செய்யவே விடமாட்டார். ஜன்னலோரத்தில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் டீ டம்ளர் இருக்கக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம்.

என் வீட்டுக்காரர் நகைப் பட்டறை வாசல் மண்ணையும் சாக்கடை மண்ணையும் அள்ளி வந்து அரித்துத் தங்கம் எடுக்கிறார். கடைசியில் ரசம் (பாதரசம்) போட்டு உருட்டி, சமையல்கட்டு அடுப்பில் வைத்துச் சுடுவார். கொஞ்ச நாளாக அவருக்குக் கை நடுங்குகிறது, ஈறு வீங்கியிருக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். நான் இப்போது முழுகாமல் இருக்கிறேன். — தெற்காவணி மூல வீதிப் பக்கமிருந்து ஒரு வாசகி

தங்கச்சி, இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே சமையல்கட்டில் சுடுவதை நிறுத்தச் சொல். மற்றதெல்லாம் அப்புறம்.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். அரித்து வந்த கறுப்பு மண்ணில் தங்கம் கண்ணுக்குத் தெரியாத தூளாக இருக்கும். ரசத்தை ஊற்றிக் கையால் பிசைந்தால் தங்கத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், மண் ஒட்டாது. துணியில் போட்டுப் பிழிந்தால் மிச்ச ரசம் வடிந்து, வெண்ணெய் போல ஒரு உருண்டை நிற்கும். அதைச் சுடும்போது ரசம் முழுக்க ஆவியாகப் போய்த் தங்கம் நிற்கும். போன ரசம் எங்கே போயிற்று? சுவரில், கூரையில், உறியில் தொங்கும் பாத்திரத்தில், உங்கள் இரண்டு பேர் நுரையீரலில். கூரையில் படிந்தது அடுத்த முறை அடுப்பு பற்ற வைக்கும்போது மறுபடி ஆவியாகும்.

25 டிகிரி வெப்பத்தில், சூடே படுத்தாமல், மூடிய இடத்தில் காற்று ஒரு கன மீட்டருக்கு 20 மில்லிகிராம் வரை பாதரச ஆவியைப் பிடித்துக்கொள்ளும். எட்டு மணி நேர வேலைக்குத் தொழில் சுகாதாரக்காரர்கள் வைத்திருக்கும் எல்லை 0.025 மில்லிகிராம். அதாவது எண்ணூறில் ஒரு பங்கு. அடுப்பில் வைத்தால் கணக்குக்கே அடங்காது. 1989-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், பல் அடைக்கும் ரசக்கலவையிலிருந்து வெள்ளி எடுக்கலாம் என்று ஒரு வீட்டுக்குள் வைத்து உருக்கினார்கள். அந்த வீட்டிலிருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

நடுக்கம், ஈறு வீக்கம், எச்சில் ஊறுவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாத கோபமும் கூச்சமும், நீ எழுதியிருக்கும் அத்தனையும் நாள்பட்ட பாதரச நஞ்சின் அடையாளங்களாக இருக்கலாம். அவர் குணம் மாறிவிட்டது என்று மனம் நொந்துகொள்ளாதே. மருந்து உண்டு, கைக்கு மீறிப் போய்விடவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போங்கள். "தங்கம் அரிக்கிற தொழில், ரசம் சுடுகிறோம்" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாமலே போகலாம். 24 மணி நேரச் சிறுநீரில் அளந்து பார்ப்பார்கள், சிறுநீரகத்தையும் சோதிப்பார்கள். ஆவியைச் சுவாசிப்பது நின்றாலே உடம்பிலிருக்கும் அளவு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகும். பாதரச ஆவி தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குப் போகக் கூடியது. அதனால் உன்னைச் சோதிப்பதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. முடிந்தால் அந்த வீட்டைக் கழுவித் துடைத்துச் சரிசெய்யும்வரை அம்மா வீட்டில் இரு.

தொழிலை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில்தான் சோறு. ஆனால் சுடுவதற்கு வழி இருக்கிறது. மூடிய இரும்புச் சட்டி, அதன் மூடியிலிருந்து வளைந்து இறங்கும் இரும்புக் குழாய், குழாயின் நுனி தண்ணீரில். ஆவி குழாயில் குளிர்ந்து சொட்டாக இறங்கும், ரசமும் திரும்பக் கிடைக்கும். அதையும் வீடு இல்லாத வெட்டவெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். திறந்து வைத்துச் சுடுவதையும் குடியிருப்புக்குள் சுடுவதையும் ஒழிக்க வேண்டும் என்று, சிறு தங்கச் சுரங்கக்காரர்களை மனதில் வைத்து பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையே பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. உலகத்தில் மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட சின்ன அளவுத் தங்க வேலையிலிருந்துதான் வருகிறது. நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும் முறையும் பத்திரமானது இல்லை, பழுப்புப் புகையும் நஞ்சு, சாக்கடைக்குப் போகும் கரைசலும் நஞ்சு.

நகைக்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ரசம் பட்டு வெள்ளையான மோதிரத்தைக் கொண்டு வந்தால் ஊதுகுழாயில் சுட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். தங்கம் மஞ்சளாகிவிடும், ரசம் உங்கள் மூக்குக்குப் போகும்.

பாதரசம் எங்கிருந்து கிடைக்கிறது? பாதரசத்தைக் கெட்டியாக்கி உருட்டிய ரசமணியை உடம்பில் கட்டிக்கொள்ளலாமா, பாலில் போட்டுக் குடிக்கலாமா? — சோழவந்தான் வாசகர்

கிடைப்பது பெரும்பாலும் ஜாதிலிங்கத்திலிருந்து. நாட்டு மருந்துக் கடையில் செக்கச் செவேல் என்று கனமாக இருக்குமே, அந்தக் கல். கந்தகமும் பாதரசமும் சேர்ந்தது. காற்றுப் பட வறுத்தால் கந்தகம் புகையாகப் போகும், பாதரசம் ஆவியாகும், அதைக் குளிர வைத்துப் பிடிப்பார்கள். இந்தியாவில் இதற்குச் சுரங்கம் இல்லை, எல்லாம் இறக்குமதிதான். ஸ்பெயினில் அல்மாதென் என்ற ஊரில் ரோமானியர் காலத்திலிருந்து வெட்டினார்கள். கைதிகளைக் கொண்டு வந்தும் வேலை வாங்கினார்கள். ஸ்லோவேனியாவின் இத்ரியாவில் பாறையிலேயே சொட்டுச் சொட்டாகப் பாதரசம் நிற்கும். அங்கே 1665-லேயே சுரங்க வேலையை ஆறு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள், ஆட்கள் நடுக்கம் வந்து விழுந்ததைப் பார்த்து. இரண்டும் இப்போது மூடியாயிற்று. இன்று அதிகம் எடுப்பது சீனா.

ரசமணி விஷயத்தில் சித்தர் மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனாலேயே சொல்கிறேன். சுத்தமான பாதரசம் நம் ஊர் வெப்பத்தில் கெட்டியாகவே ஆகாது. கெட்டியாக இருந்தால் வெள்ளியோ ஈயமோ தாமிரமோ ஏதோ ஓர் உலோகம் கலந்திருக்கிறது. கட்டியாகிவிட்டதால் பாதரசம் போய்விடாது, உள்ளேதான் இருக்கிறது. பாலில் ஊறப் போட்டுக் குடிக்கவே வேண்டாம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கட்டவும் வேண்டாம். வீட்டில் ரசம் கட்டுகிறேன் என்று அடுப்பில் ஏற்றுபவர்கள் மேலே அந்தத் தங்கைக்கு எழுதியதைப் படியுங்கள்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைக் கழிவு எங்கள் பக்கத்து ஆற்றுக்கும் வந்திருக்குமா? — பெரியகுளம் வாசகர்

அமெரிக்காவில் ஓடி முடித்த ஆலை 1980-களில் பெட்டி படுக்கையோடு கொடைக்கானலுக்கு வந்தது. உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்து, 2001-ல் மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வேலை பார்த்தவர்கள் 591 பேருக்கு இழப்பீடு என்று உடன்பாடு வந்ததோ 2016-ல். பதினைந்து வருஷம்! அந்த மனிதர்களும் என்னைப் போலத்தான் பாதரசத்தோடு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆலைக்குப் பின்னால் சரிவில் இருப்பது பாம்பாறு சோலை. மழைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் உங்கள் பக்கம் இறங்குகிறது. கொடைக்கானல் ஏரி மீனிலும் வண்டலிலும் பாதரசம் இருந்ததை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் கவலை நியாயமானது. தண்ணீரில் கரைந்து வருவதைவிட வண்டலோடு தங்குவதுதான் கவனிக்க வேண்டியது. வண்டலில் வாழும் பாக்டீரியா பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றும். உலோகப் பாதரசத்தைக் கண்டுகொள்ளாத அதே குடல் இதை 95 சதவீதம் உறிஞ்சிவிடும். அது மூளைக்குப் போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் தெரியவந்த நோய் இதனால்தான். ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, முதலில் பூனைகள் தள்ளாடிச் செத்தன, பிறகு மனிதர்கள். அணைக்கட்டு மீனையும் வண்டலையும் காலாகாலத்தில் அளந்து, முடிவைத் தமிழில் ஊர் அறியப் போட வேண்டும் என்று உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.

பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் ஊறப் பால்சுறா புட்டு கொடுக்கிறேன். சுறாவில் பாதரசம் என்கிறார்களே? — மேலூர் வாசகி

இருக்கிறது அம்மா. சின்ன மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரியது தின்று, மேலே போகப் போக மீத்தைல் பாதரசம் சேர்ந்துகொண்டே வரும். நிறைய வருஷம் வாழ்ந்து மற்ற மீனைத் தின்னும் சுறாவில் அதிகம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவுத் துறை அறிவுரையே இருக்கிறது. நம் வீடுகளில் அதே நேரத்தில்தான் தேடிப் பிடித்துக் கொடுக்கிறோம். கழுவினாலும் வேக வைத்தாலும் போகாது. சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். இனிமேல் நெத்திலியும் சாளையும் வாங்கிக் கொடுங்கள். மீனே வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், குழந்தை மூளைக்கு மீன் நல்லது.

குங்குமத்தில் பாதரசம் உண்டா? முகம் பார்க்கும் கண்ணாடியில்? ட்யூப் லைட்டில்? — வில்லாபுரம் வாசகி

மஞ்சளில் செய்த குங்குமத்தில் இல்லை. ரொம்பக் கனமாகவும் பளீர் சிவப்பாகவும் இருக்கும் செந்தூரத்தில் ஜாதிலிங்கமோ ஈயச் சிவப்போ கலந்திருக்கக் கூடும், தெரிந்த கடையில் வாங்குங்கள். இந்தக் காலத்துக் கண்ணாடியில் இல்லை, பின்பக்கம் பூசுவது வெள்ளி அல்லது அலுமினியம். ட்யூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் உண்டு, சில மில்லிகிராம்தான். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் வெளியே இருந்து, பிறகு அட்டையால் அள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இவை மூன்றையும்விட ஆபத்து. முகம் வெளுக்கும் கிரீம். பெயர் ஊர் இல்லாமல், தயாரித்தவர் முகவரி இல்லாமல், ஒரே வாரத்தில் வெளுக்கும் என்று விற்பவற்றில் பாதரச உப்பு கலப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் வழியாகப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் இப்படிக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கொட்டி, கால் வீங்கி, சிகிச்சைக்கு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிரீமை நிறுத்தியதும் பலருக்குக் குறைந்தது.

பழைய டிவி, ரேடியோவுக்குள் சிவப்பு பாதரசம் இருக்கிறது, கோடி ரூபாய் போகும் என்கிறார்களே? — திருமங்கலம் வாசகர்

அப்படி ஒரு பொருளே கிடையாது. 2009-ல் சவூதியில் இதே வதந்தியை நம்பிப் பழைய தையல் மெஷினுக்கு ஆளாளுக்குப் பணத்தைக் கொட்டினார்கள். சில பழைய ரேடியோ வால்வுகளுக்குச் சிவப்புப் பூச்சு பூசியிருப்பார்கள், அவ்வளவுதான். முன்பணம் கேட்டால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற நர்ஸ் நான். பாதரச பி.பி. கருவி ஒன்று பீரோவில் இருக்கிறது. என்ன செய்வது? — கே.கே. நகர் வாசகி

அதற்குள் 80 முதல் 100 கிராம் பாதரசம் இருக்கும் சிஸ்டர். பார்க்க ஒன்றரை டீஸ்பூன்தான், ஆனால் நூறு தெர்மாமீட்டருக்குச் சமம். 2018-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கைப்படி, இப்படிப்பட்ட கருவிகளைப் புதிதாகத் தயாரிப்பதற்கும் இறக்குமதி செய்வதற்கும் 2020-தான் பொதுவான கெடு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. டிஜிட்டல் கருவியும், டயல் கருவியும் சரியாகப் பார்த்து வைத்திருந்தால் வேலை செய்கின்றன.

உங்களுடையதை ரச டப்பி இருக்கும் பக்கமாகச் சாய்த்து, குழாயில் நிற்பதெல்லாம் டப்பிக்குள் இறங்கிய பிறகு திருகை மூடுங்கள். சாய்க்காமல் மூடினால் குழாயில் நின்றது பீரோவுக்குள் ஒழுகும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, நிமிர்த்தியே வைத்து, நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கழிவுப் பொறுப்பாளரிடம் ரசம் இருக்கிறது என்று சொல்லி எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டாம். அவர் தகரத்துக்காக அதைச் சுத்தியலால் உடைப்பார், கடையில் எடுபிடியாக நிற்கும் பையன் உருண்டு ஓடுவதைக் கையால் பொறுக்குவான்.